ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வரும்? சோலார் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாம் என்று முடிவெடுத்ததும் பலர் போடும் முதல் கணக்கு இது: காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரம் வெயில், 3 பெருக்கல் 12, ஆக 36 யூனிட். தமிழ்நாட்டில் உண்மையில் கிடைப்பது சராசரியாக 12 யூனிட்தான். 36-ஐ நம்பிக் கடன் வாங்கிவிட்டால் மாதத் தவணை கட்டும்போது கஷ்டம்.

பேனல் முழுத் திறனைத் தொடுவது உச்சி வெயிலில் மட்டுமே. நாள் முழுக்க விழும் வெயிலை உச்சி வெயில் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் சுமார் 5 மணி நேரம் தேறும். 3 பெருக்கல் 5, 15. அதில் சூடு, தூசி, ஒயர், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் என்று 20 முதல் 25 சதவீதம் போய்விடும். மீதி 12-ஐ ஒட்டி நிற்கும்.

சரி, தினமும் 12 வருமா? வராது. மார்ச்சில் வானம் தெளிவாக இருந்தால் 14, 15 வரும். கார்த்திகை அடைமழையில் 3, 4 யூனிட்டுக்கு இறங்கிவிடும். ஒரு நாள் எண்ணை வைத்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நமக்கு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. உற்பத்தியையும் அப்படியே கூட்டிப் பாருங்கள்.

கத்திரி வெயிலில்தான் அதிகம் வரும் என்பதும் தப்புக் கணக்கு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பம் அல்ல. அதன் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சோலார் செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதித்தது. மே மாத மதியம் செல் 65 டிகிரிக்குப் போகும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் குறையும். 540 வாட் பேனல் 465 வாட் அளவில் நிற்கும்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு நிழலைக் கோடையில் பார்ப்பது. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஜூனில் அளவெடுக்க வந்தவர் தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே பேனலைக் குறித்தார். மதியம் நிழலே இல்லை. அந்த மாதத்தில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் 6 அடித் தொட்டியின் நிழல் மதியத்திலேயே நாலரை அடி வடக்கே நீண்டு, இரண்டு பேனலின் கீழ் ஓரத்தில் கிடந்தது. பேனல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஓர் ஓரத்து நிழல் மற்ற பேனல்களின் வரவையும் இழுத்துவிடும். உங்கள் மாடியில் தொட்டி, தென்னை, பக்கத்து வீட்டுச் சுவர் எதுவாக இருந்தாலும் மார்கழி நிழலைக் கணக்கில் எடுங்கள்.

அப்புறம் மீட்டர். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், "12 யூனிட் வரும்னாங்க, 7தான் காட்டுது தம்பி" என்று கலங்கிப்போய் வந்தார். அவர் பார்த்தது, வெளியே மின்வாரியத்துக்குப் போகும் யூனிட்டைக் காட்டும் மீட்டர். பகலில் வீட்டுக்குள் ஓடிய ஃபிரிட்ஜும் மோட்டாரும் எடுத்துக்கொண்ட 5 யூனிட் அதில் ஏறாது. இன்வெர்ட்டர் திரையைத் தட்டிப் பார்த்தோம், சரியாக 12 இருந்தது.