ஜாஸ் பட்டறைக்குப் போகும் கர்நாடகக் காதுகளுக்கு

பெங்களூரு இந்திரா நகரில் சின்ன அரங்கு ஒன்று. மேடையில் சாக்ஸபோன், பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ். எதிரே முப்பது நாற்காலிகள். அல்சூரிலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம் என்பதால் நேரத்துக்கு முன்பே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் எட்டு வருடம் கற்ற வயலின். தலையில் அதைவிடக் கனமான கர்வம். ராகம் தெரியும், தாளம் தெரியும், கற்பனை ஸ்வரமும் வாசிப்போம். ஜாஸ் என்ன பெரிய மலையா? அடுத்த இரண்டு மணி நேரத்தில் நான் செய்த தவறுகளை நம்மவர்கள் பலரும் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முதலில் சுருதி. எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறார்கள் என்று யாரிடமும் கேட்காமலே போயிருந்தேன். என் வயலின் ஒரு கட்டையில் நின்றது. அவர்கள் எடுத்ததோ பி ஃபிளாட், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. டெனார் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் அந்தச் சுருதியை ஒட்டிச் செய்யப்பட்டவை என்பதால் ஜாஸ் உலகில் அது அன்றாடச் சுருதி. எல்லாரும் காத்திருக்க, பிருடையைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அடுத்தது கைதட்டல். நான்கு எண்ணிக்கையில் நம் கை தானாக ஒன்றில் விழும். அவர்கள் இரண்டிலும் நான்கிலும் தட்டுவார்கள். ஒன்றில் தட்டினால் பாட்டின் துள்ளல் படுத்துவிடும். அரங்கில் ஓங்கித் தட்டியது நான் ஒருத்திதான்; டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே காலால் மிதிக்கும் ஜோடித் தாளத்தட்டைக் (ஹை-ஹாட்) காட்டினார். அது இரண்டிலும் நான்கிலும் மூடிக்கொண்டிருந்தது. ஜாஸின் துள்ளல் நடையான ‘ஸ்விங்’கும் இப்படித்தான் ஏமாற்றும். ‘தகிட’வில் நடு எழுத்தை விழுங்கிவிட்டால் போதும், இது திஸ்ரம், மூன்று எண்ணிக்கை நடை என்று நினைத்தேன். பழகுவதற்கு அது உதவும்தான். ஆனால் வேகம் கூடக்கூட இரண்டு ஸ்வரங்களும் ஏறக்குறைய சம நீளத்துக்கு வந்துவிடுகின்றன. கணக்குப் பிசகாமல் திஸ்ரம் வாசித்தால் குதிரை வண்டி போலக் கேட்கும்.

பெரிய தவறு இனிமேல்தான். அன்று எடுத்தது பன்னிரண்டு பார் ப்ளூஸ். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை, மொத்தம் 48. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம், அதாவது ஆறு சுற்று. இதைக் கண்டுபிடித்ததும் மனதுக்குள் துள்ளினேன். என் முறை வந்தபோது ஒரே ராகத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு ஆவர்த்தனமும் வாசித்தேன். மூன்றாவதில் பியானோக்காரர் முகம் சுளித்தது தெரிந்தது. நமக்குத் தம்பூரா ஒரே ஸட்ஜத்தில் நிற்கிறது. கீழே தரை அசையாது. ப்ளூஸில் தரையே நகர்கிறது. முதல் இரண்டு ஆவர்த்தனங்களில் ஸ, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம் சேர்ந்து ஒலிக்கும். மூன்றாவது தொடங்கியதும் இப்படிச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம் (கார்டு) மத்யமத்துக்கு மாறுகிறது. அந்தக் கூட்டத்தில் இருப்பது ‘சாதாரண காந்தாரம்’, அந்தரத்தைவிட அரை ஸ்வரம் தாழ்ந்தது. நான் அந்தர காந்தாரத்தில் கமகத்தோடு குழைந்துகொண்டிருந்தேன்! நான்காவதில் பழைய இடத்துக்குத் திரும்பும். ஐந்தாவதில் பஞ்சமத்துக்குத் தாவி மத்யமத்தில் இறங்கும். ஆறாவதில் வீடு வந்து சேரும். வாசிக்கும் முன் நான்கைந்து சுற்று பேஸை மட்டும் கேட்டு, எங்கே மாறுகிறது என்று விரலில் எண்ணியிருந்தால் தப்பித்திருப்பேன்.

நீளமும் ஒரு சிக்கல். நான்கு பார் ஒருவர், அடுத்த நான்கு பார் டிரம்ஸ் என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் இரண்டு வித்வான்கள் குறைப்பு வாசிப்பதைக் கேட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் குறைப்பில் நீளம் சுருங்கிக்கொண்டே வரும், இங்கே நான்கு நான்காகவே நிற்கும். ஒரு மிருதங்கக்காரர் மோரா என்ற முடிப்புச் சொற்கட்டை வைத்து முடிக்கப் போய் டிரம்ஸ்காரரின் பங்கிலும் புகுந்துவிட்டார்.

‘இது கண்ட சாபுதானே?’ என்று கேட்டவரும் உண்டு. 1959இல் வெளிவந்த ‘டேக் ஃபைவ்’ என்ற ஜாஸ் இசைத்துண்டு ஐந்து எண்ணிக்கைதான், ஆனால் அது மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது; நம் கண்ட சாபு இரண்டும் மூன்றும். எண்ணிக்கை ஒன்றானாலும் எடை விழும் இடம் வேறு.

‘தாளத்தை நாம்தான் இவர்களுக்குக் கற்றுத் தர வேண்டும்’ என்று இடைவேளையில் ஒருவர் சொன்னார். இந்த ஊரில் அது பழைய கதை. டி.ஏ.எஸ். மணி 1964இல் இங்கே கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனைத் தொடங்கினார், அந்தக் கல்லூரிக் குழுவோடும் பாடகி ஆர்.ஏ. ராமமணியோடும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 1983இல் வந்தது.

முழு நேரமும் கைபேசியில் பதிவு செய்தவர்களைப் பற்றி என்ன சொல்ல? கைக்கு வேலை இருந்ததால் ஒருவரும் தட்டவில்லை.

கடைசிச் சுற்றில் என்னை மறுபடி அழைத்தார்கள். மூன்றாவது ஆவர்த்தனத்தில் காந்தாரத்தை இறக்கினேன், வேறொன்றும் செய்யவில்லை. பியானோக்காரர் தலையாட்டினார். அந்த ஒரு ஸ்வரத்துக்குக் கிடைத்த தலையாட்டலை எந்தக் கச்சேரியிலும் நான் வாங்கியதில்லை.

மறுநாள் காலை அப்பா பாட உட்கார்ந்தார். நான் வில்லைப் போட்டதும் நிறுத்திவிட்டு, “யாருக்கும்மா சுருதி சேர்த்து வைத்திருக்கிறாய்?” என்றார். வயலின் இன்னும் ஆறரையிலேயே இருந்தது.