அமீரகத்துக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை விசாவில் இருப்பவரின் மாதச் சம்பளம் 4,000 திர்ஹாமாகவோ, தங்குமிடத்துடன் 3,000 திர்ஹாமாகவோ இருந்தால், மனைவி மக்களைத் தம் பொறுப்பில் அழைத்துக்கொள்ளலாம். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே, திருமணச் சான்றிதழிலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும் மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் ஆகியவற்றின் சான்றொப்பத்தை வரிசையாக வாங்கி, பின்னர் அமீரக வெளியுறவு அமைச்சகத்திலும் சான்றொப்பம் பெற வேண்டும். அதிக நாள் பிடிப்பது இதுதான். நம்மவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பெயர்: சான்றிதழில் 'ச. மீனா' என்று தலைப்பெழுத்தும், கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாகவும் இருந்தால், ஊரிலேயே திருத்திக்கொள்வது நல்லது. மணமாகாத மகளுக்கு வயது வரம்பில்லை, மகனுக்கு 25. பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. அங்கேயே பிறக்கும் குழந்தைக்கு 120 நாட்களுக்குள் விசா எடுத்துவிட வேண்டும்.