உள்ளூர்க் கழகத்தைத் தொழில்முறை லீக் வரை ஏற்றுவது எப்படி

ஞாயிறு லீக்கில் உதைபந்தாட்டம் ஆடும் ஒரு சின்னக் கழகம் தொழில்முறை லீக் வரை ஏறலாமா என்று எங்கள் பெடியள் கேட்டால், ஏறலாம் என்றுதான் சொல்வேன். அதைச் செய்து காட்டிய கழகத்தின் மைதானத்துக்கு என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். தென்லண்டனில் இருக்கும் ஏ.எஃப்.சி. விம்பிள்டன்தான் அது. எங்கள் ஆட்களுக்கு விம்பிள்டன் என்றால் பிள்ளையார் கோயிலும் டென்னிஸும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்தில்தான் பிளவ் லேன் மைதானமும் இருக்கிறது.

நான் ஒரு தமிழ் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். வீரர்களைப் பதிவது, சந்தா சேர்ப்பது, மைதானம் பிடிப்பது, ஆள் இல்லாவிட்டால் ஜெர்சி தோய்ப்பது எல்லாம் என் வேலை. அதனால் ஆட்ட உத்திகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. செயலாளரும் பொருளாளரும் செய்யவேண்டியதைத்தான் எழுதுகிறேன். கழகங்கள் ஏறுவதும் விழுவதும் பெரும்பாலும் அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது.

முதலில், கழகம் யாருடையது என்று எழுதுங்கள்

விம்பிள்டனில் இந்த ஏற்றம் இரண்டு தடவை நடந்தது. 1889இல் தொடங்கிய பழைய விம்பிள்டன் கழகம் 1963இல் அமெச்சூர் கிண்ணத்தை வென்றது. அடுத்த வருடமே தொழில்முறைக்கு மாறியது. 1977இல் இங்கிலாந்தின் தொழில்முறை லீக்கான ஃபுட்போல் லீக்குக்குள் தெரிவானது, 1986இல் அப்போது உச்சநிலையாக இருந்த முதலாம் பிரிவுக்கு ஏறியது, 1988இல் வெம்பிளியில் லிவர்பூலை 1–0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியது. இதைவிட வேகமாக ஏறிய கழகங்கள் இங்கிலாந்தில் அரிது.

ஆனால் 1991இல் அவர்கள் சொந்த மைதானத்தை விட்டுவிட்டுக் கிரிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹேர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம் போனார்கள். பழைய மைதானம் பிறகு விற்கப்பட்டது. 2002 மே 28 அன்று எஃப்.ஏ. என்ற இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த மூவர் குழு, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில், கழகத்தை மில்டன் கீன்ஸ் என்ற வேறொரு நகரத்துக்கே கொண்டுபோக அனுமதித்தது. தலைமுறை தலைமுறையாகப் பார்க்க வந்த சனத்துக்கு அதில் ஒரு வாக்குக்கூட இருக்கவில்லை.

ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. சில நாட்களிலேயே கூடிக் கதைத்து, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தொடங்கி, ஜூன் 29 அன்று விம்பிள்டன் கொமன் என்ற பொதுவெளியில் வீரர் தேர்வு வைத்தார்கள். 230 பேர் சப்பாத்தோடு வந்து நின்றார்கள். ஜூலையில் சட்டன் யுனைட்டெட்டோடு முதல் ஆட்டம், 4–0 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். டொன்ஸ் ட்ரஸ்ட் என்ற ரசிகர் சங்கத்தின் கையில் கழகத்தைக் கொடுத்தார்கள். எவ்வளவு காசு போட்டாலும் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்குத்தான்.

நீங்களும் இதைத்தான் முதலில் செய்யவேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஜெர்சி அடித்துவிட்டால் கழகம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். யாப்பு, அதாவது கழகத்தின் விதிமுறை, ஒன்று எழுதுங்கள். அதில் அங்கத்தவர் யார், வாக்கு எப்படி, கழகம் கலைந்தால் சொத்து எங்கே போகும், மைதானத்தை விற்க எத்தனை பேர் சம்மதிக்கவேண்டும் என்ற நான்கும் தெளிவாக இருக்கட்டும். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வையுங்கள். செயலாளரும் பொருளாளரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்கவேண்டாம். இங்கிலாந்தில் இருப்பவர்கள் சமூக நலச் சங்கமாகப் பதிவு செய்யலாம். ஃபுட்போல் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு அதற்கு வழிகாட்டும்.

'பெரிய முதலாளி ஒருவர் வருகிறார், எல்லாச் செலவும் அவர் பார்ப்பார்' என்று யாராவது சொன்னால், ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ் கதையைச் சொல்லுங்கள். டொக்டர் மார்ட்டின்ஸ் சப்பாத்துத் தொழிலதிபர் மக்ஸ் கிரிக்ஸ் 1992இல் இரண்டு சிறிய கழகங்களை இணைத்து உருவாக்கியது அது. அருமையான மைதானம் கட்டினார். 2001இல் ஃபுட்போல் லீக்குக்குள் வந்தார்கள். அவர் 2005இல் விலகியதும் சரிவு தொடங்கியது. 2011 ஜூனில் கடன் சிக்கலில், ஃபுட்போல் லீக்குக்கு அடுத்த கீழ்ப்படியான கொன்ஃபரன்ஸ் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அதே லீக்கிலிருந்து ஏ.எஃப்.சி. விம்பிள்டன் மேலே ஏறியிருந்தது. கிரிக்ஸ் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை, நிறையவே கொடுத்தார். ஒரே ஆளின் பணப்பையில் கழகம் தொங்குவதைத்தான் தவிர்க்கவேண்டும்.

மேலே கதவு இருக்கிறதா?

உங்கள் நாட்டில் கீழ் லீக்கிலிருந்து மேலே ஏற விதி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில்கூட 1987 வரை கீழே சாம்பியனானவர் தன்பாட்டில் ஃபுட்போல் லீக்குக்குள் போகமுடியாது, மேலே இருப்பவர்கள் வாக்களித்துச் சேர்க்கவேண்டும். இந்தியாவில் இரண்டாம் படியான ஐ-லீக்கை வென்று உச்ச லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் கழகம் 2023இல் பஞ்சாப் எஃப்.சி. அதற்கு முன்னர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கதவு பூட்டித்தான் இருந்தது. உங்கள் லீக்கின் விதிப்புத்தகத்தை வாங்கி, ஏறுவதற்கான நிபந்தனைகளை மட்டும் தனித்தாளில் எழுதி எடுங்கள். அந்தத் தாளில் கோல்களைப் பற்றி ஒரு வரி இருந்தால், மைதானத்தையும் கணக்கையும் பற்றிப் பத்து வரி இருக்கும்.

மைதானம்

இதில்தான் கூடுதல் கழகங்கள் நிற்கின்றன. 1994இல் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ், 1995இல் மக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன், 1996இல் ஸ்டீவனேஜ் பரோ என்று அடுத்தடுத்து மூன்று வருடமும் கொன்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு மைதானம் தகுதியில்லை என்று பதவி உயர்வு மறுக்கப்பட்டது. வருடம் முழுக்க ஓடி வென்ற பெடியளிடம் போய் 'கழிவறையும் இருக்கையும் காணாதாம், அதனால் இங்கேயேதான்' என்று சொல்லவேண்டிய நிலை எந்த நிர்வாகத்துக்கும் வரக்கூடாது.

ஏ.எஃப்.சி. விம்பிள்டன் இதை நேரத்தோடு பார்த்தது. இங்கிலாந்து லீக் அடுக்கில் மேலிருந்து ஒன்பதாம் நிலைக்கு ஒப்பான கம்பைன்ட் கவுண்டீஸ் லீக்கில் இருந்தபோதே, 2003இல், கிங்ஸ்மெடோ மைதானத்தின் குத்தகையை 24 இலட்சம் பவுணுக்கு வாங்கினார்கள். அதில் பத்து இலட்சத்துக்கும் மேலான தொகை, ரசிகர்கள் வாங்கிய பங்குகளிலிருந்து வந்தது. ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருந்த கிங்ஸ்டோனியன் கழகத்தைக் குடியிருப்பாளராக வைத்துக்கொண்டார்கள். பின்னர் அதைச் செல்சிக்கு விற்று, அந்தக் காசையும் சேர்த்துப் பிளவ் லேனில் புது மைதானம் கட்டினார்கள். கட்டுமானச் செலவு கைமீறியபோது ரசிகர்கள் கடன்பத்திரம் வாங்கி 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டினார்கள். 2020 நவம்பரில் டொன்காஸ்டரோடு அங்கே முதல் ஆட்டம். கொரோனா காலம் என்பதால் அந்த இருக்கைகளுக்குக் காசு போட்ட சனம் உள்ளே போகமுடியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கும்.

உங்களுக்கு உடனே நிலம் வாங்க முடியாது, சரி. ஆனால் பூங்கா மைதானத்தை வாரத்துக்கு வாரம் பதிந்து ஆடுவதோடு நின்றுவிடாதீர்கள். பாடசாலையோடோ நகரசபையோடோ நீண்டகாலக் குத்தகை பேசுங்கள். ஒப்பந்தத்தில் மின்விளக்குக் கம்பம், சுற்றுவேலி, உடைமாற்றும் அறை போட அனுமதி இருக்கவேண்டும். அடுத்த நிலைக்கு என்ன தேவையோ அதை இந்த நிலையில் இருக்கும்போதே கட்டத் தொடங்குங்கள்.

பதிவுத் தாள்கள்

2006–07 பருவத்தில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஒரு வீரரைச் சேர்த்தது. அவர் முன்பு ஆடியது கார்டிஃப் சிட்டியில். கார்டிஃப் வேல்ஸில் இருப்பதால் அவருக்குச் சர்வதேச இடமாற்ற அனுமதி தேவை. அது எடுக்கப்படவில்லை. 18 புள்ளிகள் வெட்டினார்கள், மேன்முறையீட்டில் அது 3 ஆகக் குறைந்தது. எஃப்.ஏ. ட்ரோஃபி போட்டியிலிருந்தும் வெளியேற்றினார்கள். லண்டனுக்கும் கார்டிஃபுக்கும் இடையில் ரயிலில் இரண்டு மணித்தியாலம்தான், ஆனால் சங்கம் வேறு. இந்தியாவில் 2024–25 ஐ-லீக் பட்டமும் தகுதி, பதிவு வழக்குகளில் இழுபட்டு, கடைசியில் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம்தான் இன்டர் காசியைச் சாம்பியன் என்று அறிவித்தது.

எங்கள் கழகங்களில் இந்த ஆபத்து இன்னும் கூட. நேற்று யாழ்ப்பாணத்திலிருந்தோ பாரிஸிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த பெடியன் இன்று ஆடவேண்டும் என்று நிற்பான். கடைசியாக எந்தச் சங்கத்தின் கீழ் பதிவாகி ஆடினாய் என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கையில் வரும்வரை அவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வெளியே இருக்கட்டும். அண்ணன் தம்பி முகம் பார்க்கக்கூடாத இடம் இது. இங்கிலாந்தில் மாவட்ட எஃப்.ஏ.வில் இணைவது, பொதுப்பொறுப்புக் காப்புறுதி, சிறுவர் அணி இருந்தால் பின்னணிச் சோதனை முடித்த சிறுவர் நல அலுவலர் ஆகியவையும் இதே கோப்பில் வரும்.

வீரர்களும் பயிற்சியாளரும்

2003–04இல் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஆட்கள் 46 லீக் ஆட்டத்தில் 42 வென்று 4 சமன் செய்தார்கள், தோல்வியே இல்லை. 180 கோல் அடித்தார்கள். தொடர்ந்து 78 லீக் ஆட்டங்கள் தோற்காத சாதனையும் அந்தக் காலத்தில்தான். கெவின் கூப்பர் இரண்டு பருவத்தில் 107 கோல் அடித்தார். ஆனால் அடுத்த நிலைகளுக்கு வேறு வீரர்கள் வந்தார்கள். இதுதான் செயலாளருக்கு மிகக் கடினமான வேலை. கழகத்தைத் தூக்கிவிட்ட பெடியனை அடுத்த நிலைக்குத் தேராதபோது எப்படி வழியனுப்புவது? நேரே கூப்பிட்டுச் சொல்லுங்கள், பெயரை மண்டபச் சுவரில் எழுதுங்கள், இரண்டாம் அணியிலோ சிறுவர் பயிற்சியிலோ இடம் கொடுங்கள். வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கி அனுப்புவது பாவம்.

பயிற்சியாளருக்கும் அப்படித்தான். டெரி ஈம்ஸ், டேவ் ஆண்டர்சன், டெரி பிரவுன் என்று கழகம் மாறி மாறிப் போனது. இடையில் 2006, 2007 இரண்டு வருடமும், மேலே ஏறுவது யார் என்று தீர்மானிக்கும் பருவ இறுதிப் போட்டியான பிளே-ஓஃபின் அரையிறுதியில் தோற்றார்கள். பிரவுன் வந்த பிறகு 2008, 2009, 2011 என்று மூன்று ஏற்றம். மேல்நிலையில் வேலை செய்து பழகிய ஒருவரை, தேவைக்குக் கொஞ்சம் முன்பே எடுப்பது நல்லது.

எப்போது சம்பளத்துக்குப் போவது

அவசரப்படாதீர்கள். கீழ்நிலைகளில் வீரர்கள் வேலை முடிந்து, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சிக்கு வருவதே போதும். விம்பிள்டன் முழுநேர முறைக்கு மாறியது ஐந்தாம் நிலைக்கு வந்த பிறகுதான். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நுழைவுச்சீட்டு, சந்தா, சிற்றுண்டிச்சாலை, ஜெர்சி விற்பனை ஆகியவற்றில் உண்மையாகக் கைக்கு வந்த காசுக்குள் மட்டும் சம்பளம். வரும் என்று சொன்ன நன்கொடைக்குச் சம்பள ஒப்பந்தம் எழுதவே கூடாது. ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கு முதல் பருவத்திலேயே சராசரி 3,000 பேர் வந்தார்கள், அந்த வருடம் பழைய கழகத்துக்கு வந்த கூட்டத்தைவிட அதிகம். உங்களுக்கு எண்பது பேர் வந்தால் எண்பது பேரின் கணக்கு.

2011 மே 21, மஞ்செஸ்டரில் லூட்டன் டவுனோடு பிளே-ஓஃப் இறுதி. கோல் இல்லாமல் முடிந்து தண்ட உதைக்குப் போனது. சின்ன வயதிலிருந்தே விம்பிள்டன் ரசிகனாக இருந்த கோல்காப்பாளர் செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார். கடைசியை டனி கெட்வெல் அடித்தார், 4–3. பூங்கா வெளியில் தேர்வு வைத்து ஒன்பது வருடத்தில் ஃபுட்போல் லீக்.

2016இல் இன்னொரு படி ஏறினார்கள், 2022இல் இறங்கினார்கள், 2025இல் வெம்பிளியில் வோல்சாலை 1–0 என்று வென்று திரும்ப ஏறினார்கள். இறங்கிய வருடத்திலும் கழகம் ரசிகர் கையில்தான் இருந்தது. ஆகவே வீரர் ஒப்பந்தம் எழுதும்போது, லீக் இறங்கினால் சம்பளம் எவ்வளவு குறையும் என்ற வரியையும் அதே நாளில் சேர்த்துவிடுங்கள். ஏறும் சந்தோசத்தில் இருக்கும்போது கேட்டால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள், இறங்கிய பிறகு கேட்டால் ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள்.