223-க்கும் 224-க்கும் நடுவே: கிதார் கண்ட்ரோல் வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி மகத்துக் கச்சேரி முடிந்த மறுநாள், கும்பகோணம் பக்கத்து மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் தன் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டோனைக் கொஞ்சம் இறக்குனாலே கெணத்துக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்குண்ணே" என்றார். தகட்டைக் கழற்றினேன். பழைய கபாசிட்டர் இருந்த இடத்தில் புதிதாக ஒன்று. மேலே 224 என்று அச்சடித்திருந்தது. இருக்க வேண்டியது 223.

முதல் இரண்டு இலக்கமும் எண், மூன்றாவது அதன் பின்னால் போட வேண்டிய சுழியங்கள், அளவு பிகோஃபாரடில். ஆக 223 என்றால் 22,000 பிகோ, அதாவது 0.022 மைக்ரோஃபாரட். 224 அதைப் போலப் பத்து மடங்கு. கடையில் அவசரத்தில் "பாயின்ட் டூ டூ" என்று கேட்டால் 224-தான் கைக்கு வரும். கடைக்காரர் மேல் தப்பில்லை. எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.

பத்து மடங்கு ஏன் இவ்வளவு கெடுக்கிறது? நம்மூர் வடிகாலை நினைத்துக்கொள்ளுங்கள். டோன் குமிழ் மதகுப் பலகை. கபாசிட்டர் அதற்கு அந்தப் பக்கம் ஓடும் வாய்க்கால். குமிழை இறக்கினால் பலகை திறந்து, ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் ஒலி, கிரவுண்டுக்கு வடிந்துவிடும். கபாசிட்டர் பெரிதாகப் பெரிதாக, ட்ரெபிளோடு நடுத்தர ஒலிகளும் சேர்ந்து வடியும். பலகை மூடியிருக்கும்போது வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன? டோனை எப்போதும் பத்திலேயே வைத்து வாசிப்பவர், எண்ணெய்க் காகிதக் கபாசிட்டருக்குப் பெருந்தொகை கொடுப்பது வீண். ஒரே அளவுள்ள பச்சை மைலார் கபாசிட்டரையும் அதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டிருக்கிறேன், என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதிக வோல்ட் தாங்குவதைத் தேடுவதும் தேவையில்லை, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் இருந்து வருவது மிகச் சிறிய வோல்ட்டேஜ்தான். பிளஸ் மைனஸ் போட்ட எலக்ட்ரோலிடிக்கை மட்டும் இங்கே கொண்டு வராதீர்கள்.

குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடைதான் பாட், அதன் அளவு கிலோஓமில் (K). பாட்டுக்கும் கபாசிட்டருக்கும் வழக்கமான ஜோடி இதுதான்: இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500K பாட், 0.022. ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயிலுக்கு 250K பாட், 0.047, அதாவது 473. பாட்டை மாற்றிப் போட்டால் சிங்கிள் காயில் கீச்சிடும், ஹம்பக்கர் மங்கும். எழுத்தையும் பாருங்கள். இப்போது வரும் பாட்களில் பெரும்பாலும் A என்றால் லாக் (காதுக்கு ஏற்றபடி ஏறி இறங்குவது), B என்றால் லீனியர் (ஒரே சீராக மாறுவது). வால்யூமுக்கு லீனியரைப் போட்டால், வெகுதூரம் திருப்பியும் சத்தம் குறைந்த மாதிரியே இருக்காது. கடைசியில் பொத்தென்று விழும்.

அதிகம் சொதப்புவது ட்ரெபிள் ப்ளீடில். வால்யூமை ஏழுக்கு இறக்கினால் ஒலி மங்குகிறதல்லவா, அதற்கு வைத்தியம் இது. பாட்டின் மின்தடையும் கேபிளின் கபாசிட்டன்ஸும் சேர்ந்துதான் ட்ரெபிளைத் தின்கின்றன. கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோ என்று வைத்தால், கோயில் மேடையில் பத்து மீட்டர் இழுத்ததும் 1,000 பிகோ ஆகிவிடும். 102 கபாசிட்டர் ஒன்றும் 150K ரெசிஸ்டர் ஒன்றும் பக்கவாட்டில் சேர்த்து, வால்யூம் பாட்டில் சிக்னல் உள்ளே வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே கட்ட வேண்டும். பாட்டின் முதுகைப் பார்த்து வரைந்த படத்தை முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, இடது வலது மாறி, கிரவுண்டுக் காலில் கட்டிவிடுபவர்கள் உண்டு. ட்ரெபிளைக் காப்பாற்றப் போட்டதே அதை வடித்துவிடும். ரெசிஸ்டரை விட்டுவிட்டுக் கபாசிட்டரை மட்டும் போட்டால், வால்யூமை இறக்க இறக்க ஒலி தகரமாகும்.

அப்புறம் கலர். நான்கு பட்டை 150K-வில் பழுப்பு, பச்சை, மஞ்சள், பிறகு டாலரன்ஸ் பட்டை. மஞ்சளுக்குப் பதில் ஆரஞ்சு இருந்தால் அது 15K. அதைப் போட்டுவிட்டு, குமிழைப் பாதிக்கு இறக்கியும் சத்தம் குறையவில்லை என்று பாட்டையே மாற்றினவரை எனக்குத் தெரியும். அவர் நான்தான். மங்கலான டியூப்லைட்டில் மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றுதான். பற்றவைப்பதற்கு முன்பே மீட்டரில் அளந்துவிடுங்கள். பாட்டோடு சேர்ந்த பிறகு அளந்தால் மீட்டர் வேறு கணக்குச் சொல்லும்.

பாட்டின் முதுகில் கிரவுண்டு ஒயர் பிடிக்கவில்லை என்று 25 வாட் சால்டரிங் அயனை அழுத்திக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெடலாம். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, முதலில் கொஞ்சம் ஈயம் பூசி, 40 அல்லது 60 வாட்டில் சட்டென்று முடியுங்கள். பேஸ்ட்டை அள்ளிப் பூசாதீர்கள், ரெசின் உள்ள ஈயமே போதும். அமிலப் பேஸ்ட்டைத் துடைக்காமல் விட்டால், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பித்தளைக் குடம் மாதிரி இணைப்பில் களிம்பு ஏறும்.

எல்லாம் முடிந்ததும் ஆம்ப்பில் போட்டு, கிதார் கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் உம் என்ற இரைச்சல் குறைந்தால் சரி. கூடினால் ஜாக்கில் ஹாட்டும் (சிக்னல் ஒயர்) கிரவுண்டும் இடம் மாறியிருக்கலாம். தொட்டதும் சுர்ரென்று ஷாக் அடித்தால் உடனே ஆம்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். அந்தத் தம்பிக்கு மைக்கில் உதடு பட்டால் மேடையில் அடிக்கடி அடிக்குமாம். கம்பிகள் ஊன்றியிருக்கும் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு ஒயரை வெட்டிவிடச் சொல்லி யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். 223-ஐ மாற்றிக் கொடுத்துவிட்டு, ஆம்ப்பின் பிளக்கைக் காட்டச் சொன்னேன். எர்த் பின் இல்லை. பந்தல் போர்டில் நுழையவில்லை என்று கிள்ளி எடுத்திருந்தார்கள்.