பெங்களூரில் பள்ளி தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார், அல்சூரில் ஒரு 'பப்ளிக் ஸ்கூல்' பலகையைப் பார்த்து, "கவர்மெண்ட் ஸ்கூலே இவ்வளவு பெரிசா?" என்றார். அவர் மட்டுமில்லை, பலரும் ஏமாறும் இடம் அது. அந்தப் பெயர் வைத்தவை பெரும்பாலும் தனியார் பள்ளிகள். 'கர்நாடகா பப்ளிக் ஸ்கூல்' என்றால்தான் அரசு நடத்துவது. மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாவது வரை ஒரே வளாகம். பல இடங்களில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு. உள்ளே போய்ப் பார்க்காமலேயே வேண்டாம் என்று தள்ளுவது முதல் தவறு.

இதற்கு நேர்மாறான தவறு, மாற்றுக் கல்வி, அதாவது வழக்கமான மனப்பாட முறையை விட்டு வேறு வழியில் கற்பிக்கும் பள்ளி என்றாலே தேர்வு கிடையாது என்று நினைப்பது. கனகபுரா ரோட்டில் 1978-இல் தொடங்கிய வேலி ஸ்கூல், தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வழியில் நடப்பது. அங்கும் பத்தாவதில் ஐசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வு உண்டு. வேறு சில பள்ளிகளில் பிள்ளைகள் என்ஐஓஎஸ் என்ற திறந்தநிலைப் பள்ளித் தேர்வை எழுதுகிறார்கள். சேர்க்கும்போது வகுப்பறை வண்ணத்தில் மயங்கி, 'பத்தாவது எந்த போர்டு?' என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

என்ஐஓஎஸ் என்றதும் 'ஃபெயிலானவர்கள் எழுதுவது' என்று முகம் சுளிக்க வேண்டாம். 1989 முதல் இயங்கும் மத்திய அரசின் திறந்தநிலை வாரியம் அது. பத்தாவது எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு, ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. 2018-இல் இந்த மாணவர்கள் நீட் எழுதத் தடை வந்து, டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் சுலபம் என்று நம்பிப் போகாதீர்கள். தினமும் உட்கார்ந்து படிக்க வைக்க ஆள் இல்லாத வீட்டில் ஒன்பது வாய்ப்பும் கரைந்துபோகும்.

மொழியைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. கர்நாடகத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படிக்க வேண்டும். சரி, படிக்கட்டும், இந்த ஊரில் வாழ அது வேண்டும். ஆனால் 'கொஞ்ச நாளில் ஓசூருக்குப் போய்விடலாம்' என்று பேசிக்கொண்டே இருக்கிறோமே, அங்கே பத்தாவது வரை தமிழ் கட்டாயம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம். எட்டாவதில் போய் அ, ஆ எழுதிப் பழகுவது பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

அப்புறம் தூரம். கூகுள் மேப்பை ஞாயிற்றுக்கிழமை பார்க்காதீர்கள். ஒரு திங்கள் காலை ஏழரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கனகபுரா ரோட்டுக்குக் கிளம்பினேன். பனசங்கரி வருவதற்குள் தூங்கிவிட்டாள்.