குயில்ட் பைண்டிங் நழுவாம பிடிச்சு வைக்க: க்ளிப்பா, பசையா, குண்டூசியா?

குயில்ட், அதாவது ரெண்டு துணிக்கு நடுவுல பஞ்சு ஷீட் வச்சு தைக்கிற போர்வை, அது தைக்கிறதுல கடைசி வேலை பைண்டிங், பிசிறு ஓரத்தை பட்டி வச்சு மூடித் தைக்கிறது. ஓரத்துல பட்டி வச்சு ஒரு தையல் போடுற வரைக்கும் யாருக்கும் பெருசா பிரச்சனை வராது, அந்தப் பட்டிய அந்தாண்ட பக்கம் மடிச்சு ரெண்டாவது தையல் போடும்போதுதான் கூத்தே ஆரம்பிக்கும், இங்க அமுக்கினா அங்க நழுவும், மூலை விரிஞ்சிரும், பாதி தூரம் போனப்புறம் பாத்தா பட்டி முறுக்கு மாதிரி கோணிக்கிட்டு நிக்கும். ரெண்டு கைய வச்சுக்கிட்டு மடிக்கணும், இழுத்துப் பிடிக்கணும், தைக்கவும் செய்யணும்னா எப்படி.

நான் குண்டூசி, ஹேர் க்ளிப், பேப்பர் க்ளிப், பசை, டேப்புன்னு எல்லாத்தையும் போட்டுப் பாத்தாச்சு. அவசரத்துல இருக்கவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன்: கையால தைச்சு முடிக்கப் போறீங்கன்னா க்ளிப், மெஷின்லயே முடிக்கப் போறீங்கன்னா பசை. குண்டூசிய நான் கிட்டத்தட்ட விட்டாச்சு, ஒரே ஒரு இடத்துக்குத்தான் இப்ப எடுக்குறேன், அத பின்னாடி சொல்றேன். ஏன் அப்படிங்கறதுதான் மீதிக் கதை.

முதல்ல பட்டி சரியா இருக்கணும், பட்டி அகலம் பத்தலைன்னா எத்தன க்ளிப் மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல. நான் சொல்றது ரெட்டையா மடிக்கிற பட்டி, நீளவாக்குல பாதியா மடிச்சு அயர்ன் பண்ணிட்டு பிசிறு ஓரத்தை குயில்ட் ஓரத்தோட சேத்து வச்சு கால் இஞ்ச்ல தைக்கிறது. கைத்தையல்னா பட்டி 2.25 இஞ்ச் அகலம் போதும், மெஷின்னா 2.5 இஞ்ச் வெட்டுங்க, ஏன்னா மெஷின்ல முடிக்கும்போது மடிப்பு முதல் தையலத் தாண்டி கொஞ்சம் போய் உக்காரணும், இல்லன்னா ஊசி பட்டியப் பிடிக்காம வெறும் துணில ஓடிரும். உள்ள வச்ச பஞ்சு ஷீட் மொத்தமா இருந்தா கைத்தையலுக்கும் 2.5 தான். ஒரு குழந்தை குயில்ட் 36க்கு 45 இஞ்ச்னு வச்சுக்குங்க, சுத்தளவு 162 இஞ்ச், இணைப்புக்கும் மூலைக்கும் ஒரு 12 இஞ்ச் சேத்தா 174. 44 இஞ்ச் பன்னா (அகலம்) துணில கரை போக 42 தான் தேறும், நாலு பட்டி வெட்டினா 168 தான் வருது, பத்தாது, அதனால அஞ்சு பட்டி. 40 சென்டிமீட்டர் துணி வாங்கினா தாராளம். நேரான ஓரத்துக்கு கிராஸ்ல, அதாவது இழைக்கு குறுக்கா சாய்வா, வெட்டவேண்டிய அவசியமே இல்ல, கிராஸ் பீஸ் இழுத்தா நீளும், அத பிடிச்சு வைக்கிறது இன்னும் கஷ்டம். வளைவான ஓரம் இருந்தா மட்டும் கிராஸ்.

இப்ப நிறைய பேர் விட்டுடற ஒரு விஷயம். முதல் தையல் போட்டதும் நேரா மடிக்கப் போயிடாதீங்க. குயில்ட்ட டேபிள்ல விரிச்சு, பட்டிய வெளிப்பக்கமா தள்ளி தையல் மேல அயர்ன் பண்ணுங்க. பட்டி அந்தாண்ட போறதுக்கு தானா பழகிரும், பிடிச்சு வைக்கிற வேலைல பாதி இதுலயே முடிஞ்சிரும், நம்பலன்னா ஒரு பக்கம் அயர்ன் பண்ணி ஒரு பக்கம் பண்ணாம தைச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல உள்ள வைக்கிறது பெரும்பாலும் பாலியஸ்டர் ஷீட்தான், அதனால சூடு குறைச்சு வச்சு ஓரத்துல மட்டும் போங்க, அதிக சூடு வச்சா ஓரம் அப்பளம் மாதிரி தட்டையாயிடும், திரும்ப எழும்பாது.

சரி க்ளிப்புக்கு வருவோம். ஜப்பான் க்ளோவர் கம்பெனி வொண்டர் க்ளிப்னு ஒண்ணு விக்கிறாங்க, சின்ன பிளாஸ்டிக் க்ளிப்பு, ஒரு பக்கம் தட்டையா இருக்கும், இன்னொரு பக்கம் வளைஞ்சிருக்கும், தட்டை பக்கத்துல அளவுக் கோடு கூட போட்டிருக்கும். அதே மாதிரி பேர் இல்லாத க்ளிப்பும் டப்பா டப்பாவா ஆன்லைன்ல கிடைக்குது, என்னோடது அதுதான், ஒண்ணு ரெண்டு ஸ்பிரிங் கழண்டதத் தவிர குறை சொல்ல ஒண்ணும் இல்ல. குண்டூசியவிட இது ஏன் நல்லாருக்குன்னா, குண்டூசி மொத்தமான துணிய குத்தும்போது பட்டிய கொஞ்சம் தள்ளி விடும், க்ளிப்பு அப்படியே மேலயும் கீழயும் அமுக்கிப் பிடிக்கும், பட்டி வச்ச இடத்துல இருக்கும். மடில போட்டு தைக்கும்போது தொடைல குத்தாதுங்கறது தனி.

நாலு பக்கத்துக்கும் க்ளிப் மாட்டிட்டு உக்காராதீங்க. நானும் முதல் குயில்ட்டுக்கு எண்பது க்ளிப் மாட்டினேன், பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா கனம் தாங்கல, திருப்பும்போதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மாட்டி நாலு கழண்டு விழுது, அதத் தேடி சோபாக்கு அடில கைய விடணும். ஒரு பன்னெண்டு பதினஞ்சு போதும். தைக்கிற இடத்துல இருந்து முன்னாடி ஒரு முழம் தூரத்துக்கு ரெண்டு மூணு இஞ்ச்சுக்கு ஒண்ணா மாட்டுங்க, தைச்சுக்கிட்டே போகப்போக பின்னாடி கழட்டி முன்னாடி மாட்டிக்கிட்டே போங்க. ஊசிக்கு ரொம்ப பக்கத்துல க்ளிப் இருந்தா நூல் அதுல போய் சுத்தும், ரெண்டு இஞ்ச் தள்ளியே இருக்கட்டும். மாட்டும்போது மடிப்பு முதல் தையல மறைக்குதான்னு பாத்துப் பாத்து மாட்டுங்க, அந்தத் தையல்தான் நமக்கு எல்லைக் கோடு.

அந்த க்ளிப் இல்லாதவங்க டிக் டாக் ஹேர் க்ளிப் யூஸ் பண்ணலாம், ஸ்கூல் பிள்ளைங்க தலைல டப்புனு மாட்டுவாங்களே அது. பிளாஸ்டிக் க்ளிப் வர்றதுக்கு முன்னாடி நிறைய குயில்ட்காரங்க அதத்தான் வச்சிருந்தாங்க, தட்டையா இருக்கும், ஓரத்தை நல்லா கவ்வும், ஒரே குறை அந்த நடுப்பகுதில நூல் மாட்டும். பெயிண்ட் உரிஞ்ச பழசு வேணாம், துரு புடிச்சு கறை விழும். ஆபீஸ்ல பேப்பருக்குப் போடுற கறுப்பு க்ளிப்பு பிடிக்கிறதென்னவோ கெட்டியாத்தான் பிடிக்கும், ரொம்ப நேரம் விட்டா துணில பல் பதிஞ்ச மாதிரி தடம் விழுது. துணி காயப்போடுற க்ளிப்பு வேணாம், கனம்.

மூலைய எப்பவும் முதல்ல பிடிங்க, அப்புறம்தான் நேர் ஓரம். மேல்பக்கம் மூலை மடிப்பு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும்ல, பின்பக்கம் மடிக்கும்போது அதுக்கு எதிர்ப்பக்கமா சாய்ச்சு மடிங்க, அப்பதான் துணியோட தடிமன் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு உக்காரும், இல்லன்னா மூலைல கொட்டப்பாக்கு மாதிரி ஒரு முண்டு நிக்கும். இங்கதான் நான் குண்டூசி எடுக்குறது. மடிப்பு சரியா 45 டிகிரில உக்காந்ததும் மூலைக்கு குறுக்கால ஒரே ஒரு மெல்லிசான குண்டூசி, அது ரெண்டு பக்கமும் ஒரு க்ளிப். அந்த மூலைய தைச்சு முடிச்ச உடனே குண்டூசிய எடுத்துருங்க, கடல் காத்து அடிக்கிற ஊர்ல ராத்திரி முழுக்க ஊசிய துணில விட்டா புள்ளி புள்ளியா துரு, அது எலுமிச்சம்பழம் போட்டாலும் முழுசா போகாது.

கைத்தையல் எப்படின்னு சுருக்கமா. ஊசிய மடிப்புக்கு கீழ, குயில்ட்டோட பின்பக்கத் துணில விட்டு, உள்ள பஞ்சு வழியா ஒரு கால் இஞ்ச்சுக்கு கொஞ்சம் கம்மியா ஓட்டி, மடிப்பு விளிம்புல நாலஞ்சு இழைய மட்டும் பிடிச்சு எடுக்கணும். முன்பக்கம் ஊசி வரக்கூடாது. மூலை மடிப்பையும் ரெண்டு தையல் போட்டு மூடிட்டுத்தான் திரும்பணும். அவ்ளோதான், மத்தது பழக்கம்.

இனி மெஷின். மெஷின்ல க்ளிப் ஏன் சரிவரலன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. கீழ இருக்கிற பல்லு அடித்துணிய பின்னாடி இழுக்குது, மேல அமுக்குற ஃபுட்டு பட்டிய முன்னாடி தள்ளுது, ஊசிகிட்ட வரும்போது க்ளிப்ப கழட்டித்தானே ஆகணும், கழட்டினதும் கடைசி ரெண்டு இஞ்ச் பட்டி பிடிமானம் இல்லாம நகருது, ஒவ்வொரு க்ளிப்புக்கும் இப்படி நகந்து நகந்து கடைசில சாய்வா சுருக்கம் விழுது. வாக்கிங் ஃபுட் இருக்கவங்களுக்கு இது பெருமளவு குறையும், அது மேல் துணியையும் சேத்து நகத்தும். என்னோடது பழைய மிதி மெஷின், அதுல வாக்கிங் ஃபுட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. குண்டூசி வச்சு அது மேலயே ஓட்டுறவங்கள பாத்திருக்கேன், ஊசி உடைஞ்சு கண்ணு பக்கம் தெறிச்சா என்ன பண்ணுவீங்க, வேணாம்.

அதனால பசை. துவைச்சா போற வெள்ளை ஸ்கூல் பசை, பிள்ளைங்களுக்கு விக்கிறது, பாட்டில்ல துவைச்சா போகும்னு எழுதியிருக்கணும், இது முக்கியம். நான் ஒரு தடவை அவசரத்துக்கு மரவேலைக்கு வச்சிருந்த வெள்ளைப் பசைய எடுத்துப் போட்டுட்டேன், ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான இருக்குன்னு. காஞ்சதும் ஓரம் அட்டை மாதிரி ஆயிடுச்சு, எத்தன துவைச்சும் அது போகல, அந்த குயில்ட் இப்ப நாய் படுக்குது, அதுக்கு ஒண்ணும் குறை தெரியல. ஸ்டிக்கா வர்ற பசையும் ஓகே, ஆனா தடிப்பா இழுக்கும், பட்டிய நகத்தும். எதுவா இருந்தாலும் துண்டுத் துணில போட்டு அயர்ன் பண்ணி துவைச்சுப் பாத்துட்டு இறங்குங்க, கலர் துணி மேல கண்டிப்பா.

மெஷின்ல முடிக்கிறதா இருந்தா முதல் தையல பின்பக்கம் போடுங்க, அப்புறம் பட்டிய முன்பக்கம் கொண்டுவந்து மடிங்க, கண்ணுக்கு முன்னாடி தைக்கும்போதுதான் கோடு நேரா வரும். ஒரு பத்து இஞ்ச் தூரத்துக்கு, முதல் தையலுக்கும் குயில்ட் ஓரத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த கால் இஞ்ச் இடத்துல மட்டும் நூல் மாதிரி மெல்லிசா பசை விடுங்க. தையல் மேலயோ அதுக்கு உள்பக்கமோ வேணாம், ரெண்டாவது தையல் அங்கதான் வரப்போகுது, ஊசில பசை ஒட்டினா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும். பாட்டில் வாய் பெருசா இருந்தா நேரா ஊத்தாதீங்க, பல்குச்சில தொட்டு இழுங்க, இல்ல மெஹந்தி கோன்ல போட்டு நுனிய ஊசியளவு வெட்டிக்கிட்டா அருமையா வரும். பட்டிய மடிச்சு, முதல் தையல மறைக்கிற மாதிரி வச்சு, விரலால அமுக்கி, உடனே அயர்ன் பாக்ஸ ஒரு அஞ்சாறு நொடி வைங்க. தண்ணி தெளிக்கக் கூடாது, ஸ்டீமும் கூடாது, ஈரம் பட்டா பசை இளகிரும். நடுவுல ஒரு மெல்லிசு காட்டன் துணி போட்டா அயர்ன் பாக்ஸ் அடில ஒட்டாது. காஞ்சு பிடிச்சதும் அடுத்த பத்து இஞ்ச். மழைக்காலத்துல காய நேரம் எடுக்கும், அப்ப க்ளிப்பும் சேத்து மாட்டி வைங்க, ஆனா அயர்ன் பண்றதுக்கு முன்னாடி க்ளிப்ப எடுத்துருங்க, பிளாஸ்டிக் உருகி அயர்ன் பாக்ஸ்ல ஒட்டினா சுரண்டி எடுக்க ஒரு சாயங்காலம் ஆகும், எனக்குத் தெரியும்.

மூலைல மடிப்புக்குள்ள ஒரு பொட்டு பசை. நாலு பக்கமும் ஒட்டி முடிச்சிட்டு குயில்ட்டத் தூக்கிப் பாருங்க, ஏற்கனவே தைச்சு முடிச்ச மாதிரியே இருக்கும், எங்கயாவது கோணலா தெரிஞ்சா மெதுவா பிரிச்சு திரும்ப ஒட்டலாம், க்ளிப்ல இந்த சௌகரியம் இல்ல, தைச்சப்புறம்தான் கோணல் தெரியும். அப்புறம் மடிப்பு விளிம்புல இருந்து ஒரு நூல் அளவு உள்ள தள்ளி, தையல் கொஞ்சம் பெருசா, 3 மில்லிமீட்டர் வச்சு நிதானமா ஓட்டுங்க. மூலைக்கு வரும்போது கடைசி மூணு தையல சக்கரத்தக் கையால சுத்திப் போட்டு, ஊசி துணிக்குள்ள இறங்கியிருக்கும்போதே ஃபுட்டத் தூக்கித் திருப்புங்க.

வேற வழியும் இருக்கு. தண்ணில கரையற ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் வருது, சுத்தமான வேலை, ஆனா ஒரு பெரிய குயில்ட்டுக்கு ஒரு ரோல் பத்தாது, எனக்கு கட்டுப்படியாகல. அயர்ன் வச்சா உருகி ஒட்டிக்கிற டேப் எனக்கு பிடிக்கல, அது நிரந்தரமா உள்ளயே இருக்கும், ஓரம் விறைப்பா நிக்கும், அதுல கையூசி இறங்கவே இறங்காது. வளைவு ஓரம், வெல்வெட், வழுக்குற பட்டு இதுக்கெல்லாம் பழைய வழிதான், டெய்லருங்க டேக்கிங்னு சொல்ற ஓட்டுத்தையல். அரை இஞ்ச் அரை இஞ்ச்சா வெளிர் கலர் நூல்ல ஓட்டி வச்சிட்டு, தைச்சு முடிச்சப்புறம் உருவிரலாம். கருப்பு நூல் வேணாம், உருவும்போது வெள்ளைத் துணில பொடியா நிக்கும். நேரம் எடுக்கும், ஆனா நகரவே நகராது, பட்டு மேல பசை போடுறத விட இது ஆயிரம் மடங்கு தேவலை.

பசை போட்டு தைச்சதை அப்படியே மடிச்சு பீரோல வைக்காதீங்க, ஓரம் விறைப்பாவே இருக்கும். அகலமான டப்புல பச்சத்தண்ணில அரை மணி நேரம் ஊற வைங்க, சோப்பு வேணாம். ஓரத்த விரலால தேச்சா முதல்ல வழுவழுன்னு இருக்கும், தண்ணிய மாத்தி மாத்தி ரெண்டு மூணு தடவை அலசுங்க, அந்த வழுவழுப்பு போச்சுன்னா பசையும் போச்சு. அதுக்கப்புறம் வழக்கமா துவைக்கிற மாதிரி துவைச்சு, கொடில தொங்கவிடாம ஒரு பழைய பெட்ஷீட் மேல விரிச்சுக் காயப் போடுங்க, ஈரக் கனத்துல ஓரம் இழுக்கும்.