இரண்டு பென்சில் செல் டார்ச்: இன்னும் வாங்கலாமா, வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது

போனிலேயே டார்ச் இருக்கிறது, யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் டார்ச் பிளாட்பாரத்திலேயே கிடைக்கிறது, இதில் இரண்டு பென்சில் செல் (ஏஏ என்று அட்டையில் போட்டிருப்பது, சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருக்குமே, அதுதான்) போடும் டார்ச்சைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? வீட்டுக்கு ஒன்று வாங்கலாம் என்பது என் கட்சி. ஆனால் வெளிச்சத்துக்காக இல்லை. செல்லைக் கழற்றிவிட்டு வேறு செல் போட முடியும், அந்த ஒரு வசதிக்காகத்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மன்னார்குடிக்குப் பக்கத்தில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். சுவரில் நேராகச் செருகி சார்ஜ் செய்கிற பெரிய டார்ச் ஒன்று இருந்தது, முதல் ராத்திரி இருபது நிமிடம் எரிந்துவிட்டுப் படுத்துவிட்டது. அந்த மாதிரி டார்ச்சுக்குள் இருப்பது பெரும்பாலும் சின்ன லெட்-ஆசிட் (ஈயத் தகடும் அமிலமும் உள்ள) பேட்டரி, சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து செத்தேபோகும், பிறகு எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் உயிர் வராது. போன்கள் இரண்டாம் நாள் காலி. கடைசியில் சித்தியின் தையல் மிஷின் டிராயரில் கிடந்த பழைய இரண்டு செல் டார்ச்சை எடுத்து, கூடத்துக் கடிகாரத்திலும் ரூமில் இருந்த கடிகாரத்திலும் இருந்த செல்லைப் பிடுங்கிப் போட்டோம். கடிகாரம் மிகக் கொஞ்சமாகத்தான் மின்சாரம் குடிக்கும் என்பதால் ஒரு வருடம் ஓடிய செல்லிலும் நல்ல மிச்சம் இருந்தது. கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அது வரைக்கும் அந்த டார்ச்தான், நடுவில் தெருமுனை மளிகைக்கடையில் ஒரு ஜோடி செல் வாங்கினோம், அவ்வளவு செலவு.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். 18650 என்கிற லித்தியம் செல் (18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அதுதான்) ஒன்றில் சுமார் 11 வாட்-மணி சக்தி, அதாவது ஒரு வாட் விளக்கைப் பதினோரு மணி நேரம் எரிக்கிற அளவு, இருக்கும். நல்ல ரீசார்ஜ் பென்சில் செல் இரண்டையும் சேர்த்தால் 5 வாட்-மணிகூட வராது. ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகிறவர், தோப்பில் தூரத்தில் என்ன அசைகிறது என்று பார்க்க வேண்டியவர், வரப்பில் பாம்பு பார்த்து நடக்கிறவர் எல்லாம் லித்தியம் டார்ச்சே வாங்குங்கள், இதை வாங்கிவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். வீட்டுக்குள், மாடிப்படியில், ஸ்கூட்டர் டிக்கியில், பாத்ரூம் போகிற வழியில் 30 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும், 100 லூமன் இருந்தால் தாராளம். எல்.இ.டி.க்கு 100 லூமன் தர ஏறக்குறைய ஒரு வாட் ஆகும். அதனால் இரண்டு நல்ல செல்லில் 100 லூமனை நாலு மணி நேரம் ஓட்டலாம், 30 லூமனில் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் வரும்.

கடையில் பார்க்க வேண்டியதில் முக்கியமானது சர்க்யூட். வெள்ளை எல்.இ.டி. எரிய சுமார் 3 வோல்ட் வேண்டும். சாதாரண செல் புதிதாக இருக்கும்போது 1.5, இரண்டு சேர்ந்தால் 3, கணக்கு சரியாகத் தெரியும், ஆனால் எரிய எரிய அது இறங்கிக்கொண்டே போகும். ரீசார்ஜ் செல்லோ தொடக்கத்திலிருந்தே 1.2 தான், இரண்டுக்கும் சேர்த்து 2.4. விலை மலிந்த டார்ச்சில் வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும் பூஸ்ட் சர்க்யூட் இருக்காது, ரீசார்ஜ் செல் போட்டால் மின்மினி மாதிரி மினுங்கும், அல்லது எரியவே எரியாது. இதைக் கண்டுபிடிக்க வழி: சார்ஜ் ஏற்றிய ரீசார்ஜ் செல் இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், அங்கேயே போட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

சுவிட்ச் 'டிக்' என்று அழுந்தி நிற்கும் வகையாக இருக்கட்டும். மெத்தென்று தொட்டால் வேலை செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச், அணைத்து வைத்திருக்கும்போதும் துளித்துளியாகச் செல்லைக் குடிக்கும். மூன்று சின்ன ஏஏஏ செல்லை ஒரு பிளாஸ்டிக் கூண்டில் அடுக்கிப் போடும் டார்ச்சுகள் எங்கே பார்த்தாலும் தொங்குகின்றன, அவை வேண்டாம். மூன்றையும் சேர்த்தாலும் இரண்டு ஏஏ அளவுக்குச் சக்தி கிடையாது, போதாததற்கு அந்தக் கூண்டின் தகடுகள்தான் முதலில் தகராறு பண்ணும்.

அப்புறம் செல். உண்மையில் டார்ச்சை விட இதில்தான் கவனம் வேண்டும். நிப்போ, எவரெடி என்று நாம் பார்த்து வளர்ந்த சாதாரண செல் ஜிங்க்-கார்பன் வகை, உறையில் ஆர்6 என்று இருக்கும். கடிகாரத்துக்கு அருமையான செல், பிரகாசமான எல்.இ.டி.க்கு இழுவை தாங்காது, சீக்கிரம் மூச்சு வாங்கும். எல்ஆர்6 என்றால் ஆல்கலைன், பல மடங்கு உழைக்கும், ஆனால் மறந்துபோய் உள்ளேயே விட்டால் ஒழுகும். எச்ஆர்6 என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது ரீசார்ஜ் செல். இதில் பழைய வகை சும்மா வைத்திருந்தாலே சில மாதத்தில் காலியாகிவிடும், அதனால்தான் பலருக்கு ரீசார்ஜ் செல் என்றாலே வெறுப்பு. 2005-ல் சான்யோ எனலூப் என்ற செல்லைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது, ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். இப்போது பல கம்பெனிகள் அதே வகையைச் செய்கின்றன, சார்ஜ் செய்த நிலையிலேயே விற்பதாக அட்டையில் போட்டிருந்தால் இந்த வகைதான். கொள்ளளவு 1,900 அல்லது 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்று இருக்கும். 4,000, 5,000 என்று அச்சடித்த ரீசார்ஜ் ஏஏ செல்லைப் பார்த்தால் தொடாதீர்கள், அந்த அளவு டப்பாவுக்குள் நிக்கலில் அவ்வளவு அடங்காது.

என் ஏற்பாடு இது: சார்ஜ் இறங்காமல் நிற்கும் அந்த எனலூப் வகை செல் நாலு. இரண்டு டார்ச்சில், இரண்டு சார்ஜ் ஏற்றித் தனி டப்பாவில். கூடவே பிரிக்காத ஆல்கலைன் ஒரு ஜோடி, கரண்ட் ஒரு வாரம் வராது என்ற நிலைக்காக. சார்ஜர் வாங்கும்போது ஒவ்வொரு செல்லுக்கும் தனி விளக்கு எரிவதாகப் பாருங்கள், ஜோடி ஜோடியாகத்தான் போட முடியும் என்கிற சார்ஜர் ஒன்றை நிரப்பி வழியவிட்டு இன்னொன்றை அரைகுறையாக விட்டுவிடும்.

புதுசும் பழசும் கலக்கக் கூடாது, இரண்டு வகையையும் கலக்கக் கூடாது. சித்தப்பா வீட்டில் கலந்துதான் போட்டோம், அது ஆபத்துக்குப் பாவமில்லை என்ற கணக்கு. பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்றது அதற்குள் மின்சாரத்தை வலுக்கட்டாயமாகத் தள்ளி அதன் முனைகளைத் தலைகீழாக்கிவிடும், அப்போதுதான் ஒழுகுவது நடக்கும். இன்னொன்று, 14500 என்று ஒரு லித்தியம் செல் உண்டு. பென்சில் செல்லின் அதே உயரம், அதே தடிமன், ஆனால் 3.7 வோல்ட். இரண்டைப் போட்டால் 7.4 வோல்ட் பாய்ந்து டார்ச் புகைந்துவிடும். உறையில் இந்த எண் இருந்தால் இந்த டார்ச்சுக்கு அது ஆகாது.

ஆல்கலைன் போட்டு வைத்தே தீருவேன் என்றால் டார்ச்சும் செல்லும் தனித்தனியாக, ஒரே பையில் ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். காருக்குள் வெயிலில் கிடக்கும் டார்ச்சில் ஆல்கலைன் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே ஒழுகி வெள்ளை உப்பு மாதிரி படிந்திருந்தால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது காரம், அதனால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஈரப் பஞ்சால் துடைத்து நன்றாகக் காய வையுங்கள். ஸ்பிரிங்கில் துரு இருந்தால் உப்புத்தாள். அந்தத் தூள் கையில் பட்டால் கழுவுங்கள், கண்ணில் படவே கூடாது. செல் நன்றாக இருந்தும் டார்ச் விட்டுவிட்டு எரிகிறதா, பத்துக்கு எட்டு முறை மூடியின் மரைதான் காரணம், கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். மரையைத் துணியால் துடையுங்கள், செல்லின் இரு முனையையும் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள்.

கரண்ட் போனதும் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள், ஒரு டம்ளரில் தலைகீழாக, அதாவது வெளிச்சம் மேலே பார்க்க நிறுத்துங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கூரை என்றால் ரூம் முழுக்கப் பரவும். ஓட்டு வீடாக இருந்தால் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அடியில் வையுங்கள், பாட்டிலே பல்ப் மாதிரி ஒளிரும்.

சார்ஜ் ஏற்றுவதை ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டும் நாளில் டார்ச்சைப் போட்டுப் பார்த்து, டப்பாவில் இருக்கும் ஜோடியை உள்ளே போட்டு, உள்ளே இருந்ததைச் சார்ஜரில் போடுகிறேன். டார்ச்சில் சரியாக நிற்காத அளவுக்குக் கிழடான ரீசார்ஜ் செல் இருந்தால் அதைக் கூடத்துக் கடிகாரத்துக்கு அனுப்பிவிடுகிறேன், அங்கே அது இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிடும்.